கொறங்காட்டுக் கெடாய்

படலை மூடிட்டு வாங்க. மொதல்ல அது. பொறவு பேசிக்கலாம்.

இழுக்காதீங்க, வராது. முள்ளுப் படலுங்க அது, தூக்கி நகத்தோணும். அந்தக் கவட்டைக் கம்புக்குள்ள மாட்டிட்டு, மேல தொங்கற கயித்தைச் சுத்தி முடிச்சுப் போடுங்க. அப்படித்தான். நேரமாகத்தான் செய்யும். நாலு பேரு வந்தா நாலு பேருக்கும் நேரமாகும். எங்கய்யன் இருக்கறப்ப வெச்ச சட்டம்: தொறந்த கை மூடோணும். தாசில்தாரு ஒருக்கா அளக்க வந்தாரு. ஜீப்பை வெளிய நிறுத்திட்டு அவரே எறங்கி மூடிட்டுத்தான் வந்தாரு. பேன்ட்டுல முள்ளுப் பட்டுக் கிழிஞ்சுது. ஒண்ணும் சொல்லல. நல்ல மனுசன்.

வந்து அந்த வெள்வேலாமரத்தடிக் கல்லுல உக்காருங்க. கெடாய்கிட்டப் போகாதீங்க. சந்தைக் கெடாய், புது ஆளைக் கண்டா முட்டும்.

நீங்கதான பெங்களூர்க்காரரு? பத்து மணிக்குன்னு அண்ணன் சொன்னான். அதுக்கு முன்னாலயே வந்துட்டீங்க. வந்ததும் நல்லதுதான். அவன் பூசாரியைக் கூட்டிக்கிட்டு வந்துட்டான்னா நான் பேச முடியாது. நங்கை விட மாட்டா. நங்கைன்னா அண்ணன் பொண்டாட்டிங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா அவ ஒம்பது சொல்லுவா. நானு ரொம்பப் பேசற ஆளில்லை.

எம்பேரு தெய்வாத்தா. பத்திரத்துல பாதி எங்கண்ணன் கிட்டுசாமி பேருல இருக்குது, மீதிப் பாதி எம்பேருல. அய்யன் சாகறதுக்கு முன்னால பண்ணுன ஏற்பாடு. நான் கையெழுத்துப் போடாம இந்தக் காட்டுல ஒரு குச்சியக்கூட எவனும் ஒடிக்க முடியாது. அதனாலதான் உங்களுக்கு இத்தனை அலைச்சல். மன்னிச்சுக்கங்க. இல்லை, மன்னிக்க வேண்டாம். நான் ஒண்ணும் தப்புப் பண்ணல.

போன்லதான பாத்தீங்க? நானும் பாத்தேன், பால்காரன் காட்டுனான். மேல பறக்கற மிசினுல எடுத்திருக்கறானுங்க. பின்னால பாட்டு வேற. ‘மேற்கே மலை தெரியும் பண்ணை விற்பனைக்கு. வேட்டை, மீன்பிடிப்பு, மேய்ச்சல் நிலம், மனசுக்கு அமைதி.’ அடக் கருப்பராயா, இது யாரு காடுன்னு நானே அசந்து போயிட்டேன். கீழ ஒருத்தி தலையில புல்லுக்கட்டோட போறா. யாருடா இவ, இப்படிக் காலை இழுத்து இழுத்து நடக்கறான்னு பாத்தா, நாந்தான்.

சரி, விலைக்கு வந்திருக்கறீங்க. சுத்திக் காட்டாம அனுப்பக்கூடாது. உக்காந்த எடத்துல இருந்தே பாருங்க, எல்லாம் தெரியும்.

வேட்டைன்னானுங்களே. அந்தக் கிளுவை வேலியோரமா ஒரு முயலு இருக்குது. ஒரு காது கிழிஞ்சது. பொழுது சாயற நேரத்துக்கு வந்து என்னைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். அதைச் சுடறதுக்குப் பெங்களூர்ல இருந்து துப்பாக்கி தூக்கிட்டு வரோணுங்களா? கல்லெடுத்து வீசுனாலே கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாளைக்கு வராது. கௌதாரி இருக்குது. கத்தும், கண்ணுல படாது. அதையும் மீறி எதையாவது சுட்டீங்கன்னா பாரஸ்ட்டுக்காரங்க வருவாங்க. அப்ப நடக்கும் பாருங்க வேட்டை.

சுட மாட்டீங்களா? போட்டோ புடிக்கறதா? அதை முயலுகிட்டக் கேட்டுக்கங்க.

மீன்பிடிப்பு. அந்தா, குட்டை. ஐப்பசியில எடுத்த படமுங்க அது, தண்ணி ததும்பி நிக்கும். இப்பத் தை மாசம், மாடு எறங்குனா முழங்கால் நனையுது. பங்குனியில வந்தீங்கன்னா நடுக்குட்டையில நாற்காலி போட்டு உக்காந்துக்கலாம். மீனே இல்லைன்னு சொல்லல. கெளுத்தி வரும். மழையோட எங்கிருந்தோ வரும், தண்ணி வத்துனா கொக்குத் தின்னுட்டுப் போயிரும். நீங்க தூண்டில் போட்டீங்கன்னா கொக்குதான் சண்டைக்கு வரும். அதுக்கு இங்க என்னைவிட உரிமை சாஸ்தி.

மேய்ச்சல்னு சொன்னானுங்க பாருங்க, அது ஒண்ணுதான் நெசம். ஆனா அதைத்தான் நீங்க நம்ப மாட்டீங்க. வந்ததும் வராததுமா என்ன கேட்டீங்க? ‘ஏனுங்கம்மா, எல்லாம் காஞ்சு கெடக்குது’ன்னு கேட்டீங்க. காயலீங்க, தூங்குது. கொழுக்கட்டைப்புல்லு. ஒரு கத்தை புடிச்சு இழுத்துப் பாருங்க. வருதா? வராது. கீழ வேரு புடிச்சுக்கிட்டிருக்குது. ஒரு மழை பேஞ்சாப் போதும், பச்சைன்னா பச்சை அப்படி ஒரு பச்சை. விதைச்சது யாரு? எங்கய்யனில்லை, அவருக்கு அய்யனும் இல்லை. கேட்டா, ‘நாம வர்றதுக்கு முன்னாலயே இருந்துச்சு’ம்பாங்க. ஏரு பட்டா மட்டுந்தான் சாகும். ஒருக்கா உழுதுட்டீங்கன்னா அப்புறம் தலைகீழா நின்னாலும் திரும்பாது. எங்க பக்கத்துல இந்த மாதிரி மேய்ச்சலுக்குன்னே விட்டு வெச்ச காட்டைத்தான் கொறங்காடுங்கறது. வயக்காடு சோறு போடும். கொறங்காடு மாட்டுக்குப் போடும், மாடு நமக்குப் போடும்.

புல்லு தூங்கற கோடையில இந்த வெள்வேலாங்காய் உதுரும். ஆடு மாடு பொறுக்கித் தின்னும். ஒருத்தன் அசந்தா இன்னொருத்தன் பாத்துக்கறான். மனுசங்கதான் அப்படி இல்லை.

இங்க கண்ணாடி வெச்ச ரூமுகளும் நீச்சல் தொட்டியும் கட்டப் போறதா அண்ணன் சொன்னான். கட்டுங்க. தொட்டி நல்லாருக்கும். மாட்டுக்கு ஆகும்.

சிரிக்கறீங்க. நான் சிரிக்கறதுக்குச் சொல்லல.

என்னைக் கட்டிக் கொடுத்தது வெள்ளகோயில் பக்கம். சரிப்பட்டு வரல. ஏன்னு கேக்காதீங்க, அது அவங்களுக்கே தெரியாது. திரும்பி வந்தப்ப ஊரே வாயில போட்டு மென்னுச்சு. அய்யன் ஒரு வார்த்தை கேக்கலீங்க. சாட்டைக்குச்சியக் கையில குடுத்து, ‘மாட்டைத் தண்ணிக்கு விடு, போ’ன்னாரு. அன்னைக்கு இந்தப் படலுக்குள்ள வந்தவ. இதுக்கு வெளிய எனக்கு வேலையே இல்லை. சந்தைக்குப் போவேன், சாவுக்குப் போவேன். அவ்வளவுதான்.

அண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறான். வெச்சிருந்தான்னு சொல்லோணும். இப்ப மிசினெல்லாம் சாக்குப் போட்டு மூடிக் கெடக்குதாம். அதுக்கு நானு என்ன பண்ணுவேன்? கம்பெனி நடக்கலைன்னா கம்பெனியத்தான விக்கோணும்? தலை வலிச்சா காலை வெட்டுவாங்களா?

அவனுக்கு எம்மேல பாசமே இல்லீங்க. சும்மா சொல்லல. தெனமும் பொழுதோட, இருட்டுக் கட்டற நேரத்துக்குப் போனு வரும். ‘சாப்புட்டயா தெய்வா? முட்டி எப்படி இருக்குது? தைலம் தேச்சயா?’ தெனமும் இதே கேள்வி, மாத்திக்கூடக் கேக்க மாட்டான். பேசறதுக்கு வேற ஒண்ணுமில்ல அவனுக்கு. திருப்பூர் வீட்டுல கீழயே எனக்குன்னு ஒரு ரூமு கட்டிட்டானாம். படி ஏற வேண்டாமாம். கக்கூசுல புடிச்சு எந்திரிக்கறதுக்குக் கம்பி வெச்சிருக்கறானாம். கம்பி எதுக்குன்னேன். கட்டிப் போடறதுக்கா? எங்க மயிலை மாட்டுக்கு ரூமு கட்டுனயாடான்னேன். போனை வெச்சுட்டான். மறுநாள் பொழுதோட மறுபடியும் அடிக்குது. ‘சாப்புட்டயா தெய்வா?’

இதெல்லாம் எதுல இருந்து ஆரம்பிச்சுது தெரியுங்களா? போன வருச மழையில அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட வழுக்கிட்டேன். யாருக்குத்தான் வழுக்கல? காத்தால விழுந்தேன், மறுநாள் காத்தால பால்காரன் வந்து தூக்குனான். நடுவுல ஒண்ணும் ஆகலீங்க. மாடெல்லாம் சுத்தி நின்னுக்கிட்டிருந்துது. எங்க ராசு, அந்தா வேலிகிட்ட நிக்குது பாருங்க பெரிய வெள்ளாட்டுக் கெடாய், அவன் வந்து மூஞ்சிய நக்கிக்கிட்டே கெடந்தான். இதைப் போய்ப் பெருசு பண்ணி, ஆஸ்பத்திரியில என் காலடியில உக்காந்துக்கிட்டு இவன் சொல்றான், ‘தெய்வா, காட்டை வித்துரலாம்.’ விழுந்தவளை ஏறி மிதிக்கறதுன்னா இதுதானுங்க.

நான் மாட்டேன்னுட்டேன்.

அப்புறம் வந்தானுங்க ஒவ்வொருத்தனா. ஒருத்தன் முருங்கை நடப் போறேன்னான். ஏரு வைப்பயான்னேன். ஆமான்னான். போயிட்டு வாடான்னேன். இன்னொருத்தன் காத்தாடி நட எடம் பாக்க வந்தான், கரண்ட்டு எடுக்கற காத்தாடி. சுத்தியும் நிக்குதே, எண்ணிப் பாருங்க, அத்தனை பேரு வித்துட்டாங்க. நடுவுல நாங்க ஒண்ணுதான். அவனை எங்க காரிக்காளை வேலி வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போயி விட்டுட்டு வந்துச்சு. கொஞ்சம் வேகமாக் கூட்டிக்கிட்டுப் போச்சு.

அண்ணனுக்கும் எனக்கும் அப்படி ஒரு சண்டை. இந்த மரத்தடியிலதான். கடைசியில அவன் சொன்னான், ‘கோர்ட்டுக்குப் போனா எம்பங்கை நான் பிரிச்சுக்குவேன். கூடப் பொறந்தவளைக் கோர்ட்டுல நிறுத்துனவன்னு எனக்குப் பேரு வேண்டாம். கருப்பராயன்கிட்டக் கேட்டுரலாம். கெடாய் துலுக்குனா நீ கையெழுத்துப் போட்டுட்டு எங்கூட வந்துரோணும். துலுக்கலைன்னா செத்தாலும் நான் இந்தப் பேச்சை எடுக்கல.’

துலுக்கறதுன்னா தெரியுங்களா? பெங்களூர்ல ஏது. கெடாயைச் சாமி முன்னால நிறுத்தி, வேண்டறதை வாய்விட்டுச் சொல்லி, அது தலையிலயும் முதுகுலயும் மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. சாமிக்குச் சம்மதம்னா கெடாய் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பும், தலையில இருந்து வாலு வரைக்கும். அதுதான் உத்தரவு. அந்த எடத்துலயே வெட்டிப் பொங்க வெச்சுருவாங்க. சிலுப்பாம நின்னா உத்தரவில்லை. அப்புறம் அரசனே வந்தாலும் மேல பேச்சில்லை.

எங்க கருப்பராயன் அதோ, காட்டு மூலையில. கல்லுதான். கூரைகூட வேண்டாம்னுட்டாரு. வெயிலும் மழையும் பழகிருச்சு அவருக்கு.

ரெண்டு பேரும் சூடத்தை அடிச்சணைச்சுச் சத்தியம் பண்ணுனோம். கெடாய் எதுன்னு கேட்டான். காட்டைப் பத்திக் கேக்கறதுன்னா காட்டுல பொறந்த கெடாயாத்தான இருக்கோணும்? அவனே போயி ராசுவோட காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்தான். நான் காட்டலீங்க. பட்டியில இருந்த கெடாயில அதுதான் கொழுகொழுன்னு இருந்துச்சு. ராசு தாயில்லாத குட்டி. ஈன்ன அன்னைக்கே தாயி செத்துருச்சு. புட்டியில பால் ஊத்தி வளத்தேன். குட்டியில உடம்பெல்லாம் உண்ணி, ரத்தத்தைக் குடிச்சுரும் அது. வாராவாரம் தொட்டித்தண்ணிய ஊத்தித் தேச்சுக் குளிப்பாட்டி எடுத்தேன். மொதல்ல ஒரே ஆட்டம். பொறவு ராசாவாட்டம் சொகமா நிக்கும். கண்ணை மூடிக்கும். அப்படி வளந்தவனை இழுத்துட்டுப் போறான். வாயைத் தொறந்தேனா? தொறக்கல. சத்தியம்னா சத்தியம்.

அன்னைக்கு வாங்க வந்திருந்தது கோயமுத்தூர்ல இருந்து ஒரு டாக்டரும் அவரு சம்சாரமும். பூசாரி சென்னியப்பன், அண்ணன், நங்கை, நானு. பூசாரி ஒரு போசித் தண்ணி ஊத்துனாரு. ராசு நிக்கறான். இன்னொரு போசி. நிக்கறான். ‘அப்பனே, உன்னோட புள்ளைங்க ரெண்டும் நிக்குது, என்ன கொறைன்னு சொல்லு’ன்னு பூசாரி கையெடுத்துக் கும்புடறாரு. ராசு எட்டி அவரு கழுத்து மாலையில ரெண்டு பூவைக் கடிச்சுத் தின்னான்.

நங்கைக்குப் பொறுக்கல. ‘காதுல ஊத்துங்க பூசாரி, காதுல ஊத்துனா எப்பேர்ப்பட்ட கெடாயும் துலுக்கும்’னா. காதுலயும் ஊத்துனாரு. ராசு காதை மடிச்சுக்கிட்டான். அவ்வளவுதான். ‘யாரோ தீட்டோட நிக்கறீங்க’ன்னாரு பூசாரி. எல்லாரும் டாக்டரு சம்சாரத்தைப் பாத்தாங்க. அந்தப் புள்ளை, ‘எனக்கு ஒண்ணுமில்லைங்க, என்னோட பேக்குதான் தோலு’ன்னு கொண்டு போயிக் காருல வெச்சுட்டு வந்துச்சு. மறுபடியும் ஊத்துனாங்க. டாக்டரு போயி ராசுவோட கண்ணை விரிச்சுப் பாத்து, ‘மயக்க ஊசி எதாச்சும் போட்டிருக்கறீங்களா?’ன்னாரு. மயக்கத்துல இருக்கறவன் மாலையத் திம்பானாங்கன்னு கேட்டேன்.

அண்ணன் முட்டி போட்டு உக்காந்துட்டான். ‘கருப்பராயா, மண்குதிரை செஞ்சு வெக்கறேன். கூரை போட்டுத் தர்றேன். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை’ன்னு கேக்கறான். கொடம் காலியாயிருச்சு. தொட்டியில இருந்து மொண்டுட்டு வந்தாங்க. தொட்டித்தண்ணி மேல பட்டதும் ராசு கண்ணை மூடிக்கிட்டான் பாருங்க, எனக்கே மெய் சிலுத்துப் போச்சு. சாமியோட உத்தரவு எவ்வளவு தெளிவா வருது!

பூசாரி போசியக் கவுத்து வெச்சுட்டாரு. டாக்டரு காரு போயிருச்சு. படலை மூடாமப் போயிட்டாரு, அதுவே சொல்லுது அவரு இந்தக் காட்டுக்கு ஆகாதவருன்னு. அண்ணன்தான் எந்திரிச்சுப் போயி மூடுனான். மூடிட்டு அங்கயே படலைப் புடிச்சுக்கிட்டு அழுதான். சின்னப் புள்ளையாட்டம் ஏங்கி ஏங்கி. நானும் பாத்துக்கிட்டேதான் நின்னேன். எனக்கென்ன? சாமி சொன்னது.

மத்தியானம் சோறு போட்டேன். தின்னான். மோரு ஊத்தறப்ப, ‘நீ ஜெயிச்சுட்ட தெய்வா’ன்னான். நான் என்ன ஜெயிச்சேன்? எனக்கும் அதுக்கும் என்ன சம்மந்தம்? ‘இன்னொருக்கா விழுந்தா எனக்கு யாருடி சொல்லுவா?’ன்னு கேட்டான். பால்காரன் சொல்லுவான்னேன். சோத்துல கை வெச்சவன் அப்படியே எந்திரிச்சுப் போயிட்டான். கோவக்காரன்.

அதோட முடிஞ்சிருக்கோணும். நங்கை விட்டாளா? ‘உங்க தங்கச்சி வளத்த கெடாய் எப்படித் துலுக்கும்? அவ மந்திரிச்சு வெச்சிருப்பா. சந்தையில ஒரு கெடாய் வாங்கி வெச்சுக் கேளுங்க’ன்னு ராத்திரியும் பகலும் ஓதியிருக்கறா. அண்ணன் வந்து நின்னான், தலை குனிஞ்சுக்கிட்டு. ‘இன்னொருக்கா மட்டும் தெய்வா. இதுதான் கடைசி.’ எனக்கு வந்த கோவத்துக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். ஆனா பயந்துட்டாள்னு நெனப்பா அவ. சரி, வெச்சுக்க, நூறு கெடாய் வெச்சுக்கன்னேன். எங்க கருப்பராயன் பேச்சு மாத்தறவரில்லை.

கன்னிவாடிச் சந்தையில போயி இதை வாங்கிட்டு வந்தான். அதுக்குத்தான் பூசாரி ஒரு நாயம் சொன்னாரு. வெளியூர்க் கெடாய்க்கு இந்தக் காட்டோட சங்கதி எப்படித் தெரியும்? ஒரு அமாவாசைக்கு மறு அமாவாசை இந்தப் புல்லைத் தின்னு இந்தத் தண்ணியக் குடிக்கோணும். அப்பத்தான் அது வாயில சாமி பேசும்னுட்டாரு. நாயந்தானுங்களே? கெடாயைக் கொண்டாந்து எங்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டாங்க. வேற யாருகிட்ட விடுவாங்க? நானு மந்திரிக்கறவளா இருந்தா எங்கிட்ட விடுவாங்களா? நங்கையோட புத்திக்கு இது ஒண்ணே போதும்.

நேத்து அமாவாசை. இன்னைக்குக் கேட்டுருவாங்க. துலுக்குச்சுன்னா இங்கயே கையெழுத்து. பேனா வெக்கறதுக்குன்னே சட்டை போட்டுட்டு வருவான் பாருங்க அண்ணன்.

எனக்குப் பயமா? எதுக்கு?

சித்தெ இருங்க, வேலைய முடிச்சுட்டுப் பேசறேன். அந்தப் போசிய எடுங்க. ஆமா, அதுதான், பக்கத்துல கெடக்கற சட்டிதான். இந்தக் கெடாயைக் குளிப்பாட்டோணும், அவங்க வர்றதுக்குள்ள. தெனமும் காத்தாலயும் பொழுதோடயும் ரெண்டு வேளை. சந்தைக் கெடாய், வந்தப்ப உண்ணின்னா உண்ணி அப்பிக் கெடந்துச்சு. சாமி முன்னால நிக்கறது சுத்தபத்தமா இருக்க வேண்டாமுங்களா? வந்த புதுசுல தண்ணியக் கண்டாலே அப்படி ஒரு ஆட்டம். சிலுப்பிச் சிலுப்பி என்னோட சீலையெல்லாம் நனைச்சு விட்டுரும். இப்பப் பரவாயில்லை. பழகிருச்சு. நேத்தெல்லாம் நல்லா நின்னுது. பேரு வெக்கலீங்க. வெட்டறதுன்னு வந்ததுக்குப் பேரு எதுக்கு, பொறவு மனசு கெடந்து அடிச்சுக்கும்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

பழகுன கெடாய் எப்படித் துலுக்கும்னா? படிச்சவரு நீங்க, இப்படிக் கேக்கலாமா? துலுக்கறது தண்ணிக்குன்னு எவன் சொன்னான் உங்களுக்கு? மழையில நனையற கெடாயெல்லாம் சிலுப்புது, அதெல்லாம் உத்தரவுன்னு காட்டை எழுதிக் கொடுத்தர்றாங்களா? சாமி வந்து எறங்கோணும். எறங்குனா இந்தக் கல்லு துலுக்கும். எறங்கலைன்னா சமுத்திரத்தையே கொண்டாந்து ஊத்துனாலும் நிக்கும். நான் குளிப்பாட்டறதுக்கும் அதுக்கும் என்ன இருக்குது? சாமிகிட்டப் போயி நானு கள்ளத்தனம் பண்ணுவனா? அய்யன் கும்புட்ட சாமிங்க அது. இருவது வருசமா விளக்கு வெக்கறது யாரு? நானு. திருப்பூர்க்காரங்களா வந்து வெச்சாங்க? நானு உண்ணிக்குப் பாக்கறேன், உங்களுக்கு எங்கெங்கயோ போகுது புத்தி. நங்கை எதாச்சும் சொல்லி அனுப்புனாளா?

சரி விடுங்க. கோவமில்லை. சும்மா நிக்காதீங்க, வாங்க. என்னோட முட்டிக்கு இன்னைக்குக் குனிய வரல. நீங்க ஊத்துங்க, நான் கொம்பைப் புடிச்சுக்கறேன். வாங்க வந்தவரு கைபட்டா நல்லதுதான? காரு புடிச்சு வந்திருக்கறீங்க, ஒரு போசித் தண்ணி ஊத்தக்கூடாதா? தொட்டியில மொண்டுக்கங்க. பாத்து, வழுக்கும் அங்க. அந்த எடந்தான்.

தலையில இருந்து ஊத்துங்க. மெதுவா. முதுகு முச்சூடும் வரோணும். ஊத்துங்க, ஊத்துங்க. பாத்தீங்களா? எப்படி நிக்கு...

அட!

நில்லு. நில்லு சின்ராசு, நில்லுடா. என்னாச்சு உனக்கு? மூஞ்சியெல்லாம் தெறிச்சிருச்சுங்களா? இந்தாங்க துண்டு. கண்ணாடியத் தொடச்சுக்கங்க. அது ஒண்ணுமில்லீங்க. உங்க கை புதுசு. அதுதான், கை புதுசு. எங்கையில ஊத்துனா நிக்கும். நேத்துப் பொழுதோடகூட நின்னுச்சு. ராசுவுக்குப் பூசாரி கை புதுசுதான, அவன் நிக்கலையா? அவன் பொறந்ததுல இருந்து... இது ஒரு மாசந்தான... இல்லை, நிக்கும். எல்லாங் கெடாய்தான். நிக்கும்.

மறுபடியும் ஊத்துங்க. மஞ்சள் அந்தக் கல்லு மேல கெடக்குது, கொஞ்சம் கரைச்சுக்கங்க. சும்மாதான். வாசத்துக்கு.

இருங்க. காரு சத்தம் கேக்குதுங்களா? நின்னுருச்சு. படலுகிட்டத்தான். நங்கை பேசறது காத்துல வருது.

ஊத்துங்க. என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? பயப்படாதீங்க, அவங்க ஒண்ணும் இப்ப வந்தர மாட்டாங்க. நங்கையா இருந்தா தொறந்து போட்டுட்டு வந்துருவா. எங்கண்ணன் அப்படி இல்லை. எத்தனை அவசரமா இருந்தாலும் எறங்கி நின்னு, தூக்கி நகத்தி, கவட்டையில மாட்டி, கயித்தைச் சுத்தி முடிச்சுப் போட்டு, ஒருக்கா இழுத்தும் பாத்துட்டுத்தான் வருவான். அதுல மட்டும் அவனைக் கொறை சொல்ல முடியாது. அய்யன் வளத்த வளப்பு.

அதுக்குள்ள இன்னும் ரெண்டு போசி ஊத்திரலாம். ஊத்துங்க.